வளர்ச்சி ஹார்மோன் (ஜி.எச்.) ஊசி: விரல் மரத்துப்போவதும் சுகர் 118-உம்

தம்பி, ஜிம் ட்ரெய்னர் பேச்சைக் கேட்டு மூன்று மாதமாக வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுகிறேன், காலையில் விரல் மரத்துப்போகிறது, வெறும் வயிற்றுச் சுகர் 118 என்று எழுதியிருக்கிறீர்கள். "உடம்பு பழகினால் சரியாகிவிடும்" என்று அவர் சொன்னதை நம்பாதீர்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் அந்த ஊசிதான் காரணம்.

இந்த ஹார்மோன் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். மணிக்கட்டில் குறுகலான ஒரு பாதை வழியாகத்தான் நரம்பு கைக்குள் வருகிறது. சுற்றிலும் வீங்கினால் அது நசுங்கும். சுண்டுவிரல் நன்றாக இருந்து, கட்டைவிரலும் அடுத்த இரண்டும் மரத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கண்ணாடியில் தெரியும் 'சைஸ்' கூட கணிசமாகத் தண்ணீர்தான். ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்வுகளில் கொழுப்பில்லாத எடை கூடியது, தூக்கும் பலம் கூடியதாகத் தெரியவில்லை. காசு கொடுத்து வீக்கம் வாங்குவானேன்?

சுகர் விஷயம்: இன்சுலினின் வேலையை இது மட்டுப்படுத்தும். 100 முதல் 125 வரை என்பதே சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். அடுத்து அவர் "இன்சுலினும் சேர்த்துப் போடு" என்பார். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சர்க்கரை சட்டென்று இறங்கினால் உயிரே போகும்.

ஊசியை நிறுத்துங்கள். குப்பியையும் எடுத்துக்கொண்டு எண்டோகிரைனாலஜி (ஹார்மோன் நோய்) மருத்துவரைப் பாருங்கள், ஒன்றையும் மறைக்காதீர்கள். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகர்), ஐ.ஜி.எஃப்-1 (வளர்ச்சி ஹார்மோனின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்வார். நீர் வற்றினால் மரப்பு பெரும்பாலும் குறையும். மோதிரமோ செருப்போ இறுகியிருந்தால் அதையும் சொல்லுங்கள்; எலும்பு பெருத்திருந்தால் அது பழையபடி சுருங்காது.