பதில்: ஆள்குறைப்பு வதந்தி வந்த கம்பெனி கம்ப்யூட்டரை வாங்கலாமா?

வணக்கம்ங்க. கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதியிருக்கீங்க, மகள் படிப்புக்கு டெஸ்க்டாப் எடுக்கப் போறீங்க. அந்தக் கம்பெனி ஆளைக் குறைக்குது, மூடப்போகுதுன்னு வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்துப் பயந்திருக்கீங்க.

ஆள்குறைப்பை மட்டும் வெச்சு முடிவெடுக்காதீங்க. 2023 பிப்ரவரியில் டெல் சுமார் 6,650 பேரைக் குறைப்பதாச் சொன்னது. இன்னைக்கும் வித்துட்டுத்தான் இருக்கு. எதிர்ப்பக்கமும் உண்டு. கமடோர் 64-ங்கிற பழைய வீட்டுக் கம்ப்யூட்டரை ஒரு கோடிக்கும் மேல் வித்த கமடோர் கம்பெனி 1994 ஏப்ரலில் திவாலாச்சு. விற்பனைப் பெருமையும் காப்பாத்தாதுங்க.

பார்க்கவேண்டியது பணம். பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனின்னா அதன் நிதி அறிக்கையில் லாபத்தை மட்டும் பார்க்காம, தொழிலிலிருந்து வரும் ரொக்கம் தொடர்ந்து குறையுதான்னு பாருங்க. இங்கே பதிவான தனியார் கம்பெனின்னா கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அதன் சொத்து மேல இருக்கும் கடன் பதிவுகளைப் பார்க்கலாம். அதைவிட, ஈரோட்டிலோ கோவையிலோ அவங்க சர்வீஸ் சென்டருக்கு ஒரு நடை போய், மதர்போர்டு (உள்ளே எல்லாத்தையும் இணைக்கும் முக்கியப் பலகை) கெட்டா புதுசு வர எத்தனை நாளாகும்னு கேளுங்க. கம்பெனி தடுமாறுற, வேற ஆளுக்குக் கைமாறுற நேரத்தில் உதிரிபாகம்தான் முதலில் வராம நிக்கும். என் பழைய மெஷின் அப்படித்தான் ரெண்டு மாசம் ஒரு சென்டரில் கிடந்தது, மகன் பரீட்சை நேரத்தில். அந்தத் தவிப்பு உங்களுக்கு வேண்டாம்.

கடைக்காரர் சொல்ற மூணு வருஷக் கூடுதல் வாரண்டிக்கு இப்போ பணம் கட்டாதீங்க. கம்பெனி போனா அந்தத் தாளும் போச்சு. முழுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்கவும் வேண்டாம். பவர் சப்ளை, ரேம், டிஸ்க் எல்லாம் வெளிக்கடையில் கிடைக்கும் வழக்கமான அளவான்னு மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்க. ஆமான்னா தைரியமா எடுங்க. மாடல் பேரை இங்கே போடுங்க, நானும் பார்த்துச் சொல்றேன்.