பென்ஸ் 123-ஆ, 124-ஆ? கேள்வி பதில்

பழைய மெர்சிடிஸ் வாங்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. 123 என்பது 1976 முதல் 1986 வரை வந்த டபிள்யூ 123 மாடல். 124 அதற்கு அடுத்தது. செடான் 1984 கடைசியில் தொடங்கி 1995 வரை வந்தது.

அண்ணா, ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்குவது?

தினமும் ஓட்டுவதென்றால் 124. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, மற்ற நாளெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பீர்கள் என்றால் 123. அழகு 123-க்குத்தான்; ஆனால் கார் என்று பார்த்தால் 124 ஒரு படி மேல். பின்சக்கரங்களுக்குப் பல இணைப்புக் கம்பிகள் கொண்ட சஸ்பென்ஷன் 124-இல் உண்டு. மழையில் வேகமாக வளைந்தால் வித்தியாசம் தெரியும்.

சாவியை உருவிய பிறகும் என் 240டி (123-இன் டீசல் வண்டி) ஓடிக்கொண்டே இருக்கிறது. பேய் பிடித்துவிட்டதா?

பேயெல்லாம் இல்லை, காற்றுக் கசிவு. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. டீசல் வருகிறவரை ஓடும். சாவியை அணைத்தால் டீசல் பம்பை நிறுத்துவது வாக்குவம், அதாவது குழாய்களில் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம். கதவுகளின் சென்ட்ரல் லாக்கும் அதே வாக்குவத்தில்தான் வேலை செய்கிறது. பின்கதவுக்குள் ஒரு சின்ன ரப்பர் கிழிந்தால்கூட எஞ்சின் அணைய மறுக்கும்! இப்போதைக்கு பானட்டைத் திறந்து, எஞ்சின் மேல் 'ஸ்டாப்' என்று எழுதிய நெம்புகோலை அழுத்துங்கள், அணைந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு கதவின் குழாயையும் தனியாக அடைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கசிவு எங்கே என்று பிடிபட்டுவிடும்.

240டி நெடுஞ்சாலைக்குத் தாங்குமா?

தாங்கும். உங்கள் பொறுமை தாங்குமா என்பதுதான் சந்தேகம். 72 குதிரைசக்தி, 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 20 விநாடிக்கு மேல் ஆகும். லாரிக்குப் பின்னால் நிம்மதியாகப் போகப் பழகிக்கொள்ளுங்கள்.

கிரீஸ் நாட்டில் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய டாக்சி 123-தானே?

இல்லை. அதுவும் 240டி-தான், ஆனால் 123-க்கு முந்தைய டபிள்யூ 115. விளம்பரங்களில் 123 விற்கிறவர்கள் அந்தக் கதையைத் தங்கள் வண்டிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

1994 இ220 (124-இன் பெட்ரோல் வண்டி) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது சார். எடுக்கலாமா?

முதலில் பானட்டைத் திறங்கள். 1993-95 வாக்கில் வந்த பெட்ரோல் எஞ்சின்களில் வயர் உறை சூட்டில் காய்ந்து உதிரும். ஒரு வயரை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். காய்ந்த ரொட்டி மாதிரி நொறுங்கினால், வயரிங் முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் கிளம்பிவிடுங்கள். 1995 முதல் புனேயில் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்ட இ220-ம் இதே தலைமுறைதான். அதிலும் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

துரு?

இரண்டிலும் உண்டு. ஜாக்கி வைக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் பளபளப்பை நம்பாதீர்கள். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம்; அடிப்பகுதி அரித்துப்போனால் வெல்டிங் செலவு காரின் விலையையே தாண்டும்.

124-க்கு ஒரே வைப்பர் ஏன்? ஒன்று உடைந்துவிட்டதா?

உடையவில்லை! ஒன்றுதான். ஆனால் அது வெறும் அரைவட்டம் அடிப்பதில்லை. மேல்மூலைகளுக்குப் போகும்போது கை நீண்டு, நடுவில் சுருங்கும். அந்தப் பொறிக்கு அவ்வப்போது கிரீஸ் வையுங்கள். வைக்காவிட்டால் நல்ல மழையில் பாதி வழியில் நின்றுவிடும்.