பக் இல்லாத நேரத்தில் பையன் என்ன செய்கிறான்? ஜூனியர் ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

கனடாவின் ஒன்டாரியோவில் ஒரு ஜூனியர் அணிக்காகத் திறமையான பையன்களைத் தேடும் பகுதிநேர ஸ்கவுட்டாக ரிங்க் ரிங்காக (ஐஸ் ஹாக்கி மைதானம்) அலைபவன் நான். வந்த கேள்விகளில் ஃபார்வர்ட் (கோல் போட முன்னால் ஆடுபவர்) ஆடும் பையன்களைப் பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். கோலிகளைப் (கோல் காப்பவர்கள்) பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். அது தனி வித்தை, நான் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது.

டிவியில் பார்ப்பதோடு சரி, ரிங்க் பக்கம் போனதில்லை. ஸ்கவுட் ஒரு ஃபார்வர்டிடம் முதலில் எதைக் கவனிப்பார்? (சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

ஆட்டத்தின் மூன்று பீரியடில் முதலாவதில் நான் பக்கை (ஆடும் ரப்பர் வட்டு) பார்க்கவே மாட்டேன். பையனை மட்டும்தான் பார்ப்பேன். நல்ல ஃபார்வர்ட் ஒரு ஆட்டத்தில் 15, 20 நிமிடம் ஆடுவான். அதில் பக் அவனுடைய ஸ்டிக்கில் இருப்பது ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான், மிஞ்சினால் இரண்டு. மிச்ச நேரத்தில் என்ன செய்கிறான் என்பதில்தான் ஆள் தெரிவான்.

பாஸ் வருவதற்கு முன்னால் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்கிறானா? அப்படிப் பார்ப்பவனுக்கு, பக் வந்து சேரும்போதே அடுத்து எங்கே அனுப்புவது என்று தெரிந்திருக்கும். பார்க்காதவன் வாங்கிய பிறகுதான் யோசிப்பான். அதற்குள் எதிரணி டிஃபென்ஸ்மேன் வந்து அவனை ரிங்கைச் சுற்றியுள்ள கண்ணாடிச் சுவரோடு சேர்த்து அமுக்கியிருப்பான். 14 வயதில் கை வேகமாக இருந்தால் இந்தக் குறை வெளியே தெரியாது. 17 வயதில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அண்ணா, என் மகன் வயது 14, அணியிலேயே அதிக கோல் அவனுடையதுதான். ஆனால் மதிப்பீட்டுத் தாளில் 'வெளியோரமாக ஆடுகிறான்' என்று எழுதிவிட்டார்கள். இது பெரிய குறையா? (ஒன்டாரியோவின் மார்க்கம் ஊரிலிருந்து ஒரு அம்மா)

கோல்களில் பெரும்பகுதி நெட்டுக்கு நேர் முன்னால், ஐஸில் வரைந்த இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் உள்ள இடத்திலிருந்துதான் விழும். அடியும் தள்ளுமுள்ளும் அங்கேதான். சில பையன்கள் பக்கோடு அழகாகச் சறுக்குவார்கள், ஆனால் அந்த இடத்தைத் தொடாமல் சுவரோரமாகவே சுற்றி வந்து தூரத்திலிருந்து அடிப்பார்கள். பார்க்க அழகுதான், மேல்மட்டத்தில் கோலாகாது.

அடுத்த சில ஆட்டங்களில் ஒரு வேலை செய்யுங்கள் அக்கா. ரிங்கின் படத்தை ஒரு தாளில் வரைந்து, அவன் ஷாட் அடித்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். தாள் பொய் சொல்லாது. புள்ளிகள் எல்லாம் ஓரத்திலேயே இருந்தால், அதைப் பயம் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பாடிசெக்கிங் (உடம்பால் மோதித் தடுப்பது) இந்த வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. கனடாவில் 2013-இல் பீவீ (11, 12 வயது) பிரிவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். முதல் ஓரிரு வருடம் பல பையன்கள் ஒதுங்கித்தான் ஆடுவார்கள். 16 வயதிலும் அப்படியே இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

அவனுடைய பிறந்த மாதத்தையும் பாருங்கள். இங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துத்தான். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. 14 வயதில் அந்தப் 11 மாதம் சில நேரம் அரையடி உயரம். உங்கள் மகன் ஜனவரிக்காரன் என்றால் அந்தக் கோல்களில் எத்தனை உடம்பு போட்டவை, எத்தனை மூளை போட்டவை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். டிசம்பர்க்காரன் என்றால் அவனுக்கு நான் ஒரு படி கூடவே போடுவேன்.

ஸ்கேட்டிங் சுமார் என்றால் ஆள் அவ்வளவுதானா?

இல்லை. குறைகளில் திருத்தக்கூடியது, திருத்த முடியாதது என்று இரண்டு உண்டு. ஸ்கேட்டிங்கில் பெரும்பகுதி முதல் வகை.

பிரேடன் பாயின்ட் என்ற வீரர் மூஸ் ஜா ஜூனியர் அணியில் ஆடும்போது கை, மூளை இரண்டையும் எல்லாரும் மெச்சினார்கள். உயரம் குறைவு, முதல் சில அடிகளில் வேகம் போதாது என்றும் சொன்னார்கள். என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்) அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014-இல் 79-வது ஆளாகத்தான் டம்பா பே எடுத்தது. அங்கே அவருக்கு ஸ்கேட்டிங் கற்றுக்கொடுத்தவர் பார்ப் அண்டர்ஹில், 1984-இல் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகச் சாம்பியன். 2020, 2021 இரண்டு வருடமும் டம்பா ஸ்டான்லி கோப்பையை எடுத்தபோது, இரண்டு பிளேஆஃப்பிலும் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) அதிக கோல் அடித்தவர் அவர்தான். 2022-23 சீசனில் 51 கோல். இப்போது அவருடைய கால்களுக்குத்தான் எதிரணிகள் பயப்படுகின்றன.

ஆகவே 'ஸ்கேட்டிங் மோசம்' என்று எழுதுவதோடு நின்றால் அந்த ரிப்போர்ட்டுக்குப் பயன் இல்லை. எது மோசம்? முழங்காலை மடக்காமல் நிமிர்ந்து ஓடுகிறானா? பயிற்சியில் சரியாகும். நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று தள்ளல் பலவீனமா? 16 வயதுக் குச்சிக் காலில் வேறென்ன எதிர்பார்ப்பது, தசை வந்தால் மாறும். பிளேடின் விளிம்பில் சாய்ந்து திரும்பவே வரவில்லையா? அதுவும் மாறும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். எங்கே போக வேண்டும் என்றே தெரியாமல் வேகமாகப் போகிறவனுக்குத்தான் என்னிடம் மருந்து இல்லை.

ஓ.எச்.எல்.-இல் (ஒன்டாரியோவின் பெரிய ஜூனியர் லீக்) ஒருவன் 100 பாயின்ட் எடுத்தால் அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஹாக்கியில் பாயின்ட் என்பது கோலும் அசிஸ்டும் சேர்ந்த கணக்கு. ஒரு கோலுக்கு முன்னால் பாஸ் கொடுத்த இரண்டு பேர் வரை அசிஸ்ட் கிடைக்கும். இரண்டாவது அசிஸ்ட் சில நேரம் அருமையான பாஸ், சில நேரம் சும்மா தொட்டதற்குக் கிடைத்த கூலி. பவர் பிளேயில் (எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருக்கும்போது) எத்தனை, ஆள் சமமாக இருக்கும்போது எத்தனை? ஆளில்லாத நெட்டில் போட்டது எத்தனை? அடித்த ஷாட்டில் 20 சதவீதத்துக்கு மேல் கோலாகிறது என்றால், அடுத்த வருடம் அது இறங்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். 17 வயதில் 80 பாயின்ட் எடுத்தவனை, 20 வயதில் 100 எடுத்தவனுக்கு மேலே வைப்பேன். அதில் எனக்கு யோசனையே இல்லை.

அப்புறம், பக்கத்தில் ஆடுபவன் யார்? அலெக்ஸ் டிப்ரின்கட் ஈரி ஆட்டர்ஸ் அணியில் முதல் சீசனில் 51 கோல் அடித்தார். அதே அணியில் கானர் மெக்டேவிட் இருந்தார். மெக்டேவிட் தயவில் வந்த கோல்கள் என்று பலருக்குச் சந்தேகம். மெக்டேவிட் 2015-இல் என்.எச்.எல்.-க்குப் போன பிறகும் டிப்ரின்கட் 51 அடித்தார், அதற்கடுத்த வருடம் 65. உயரம் 5 அடி 7 அங்குலம் என்பதால் 2016 டிராஃப்டில் 39-வது இடம் வரை சறுக்கினார். சிகாகோவுக்காக இரண்டு சீசனில் 41 கோல் போட்டிருக்கிறார். ஆள் மாறிய பிறகும் எண்ணிக்கை நிற்கிறதா என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

டிராஃப்டுக்கு வயது எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

டிராஃப்ட் நடக்கும் வருடம் செப்டம்பர் 15-க்குள் 18 ஆகியிருக்க வேண்டும். ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாளில் 2015 டிராஃப்ட் போய், 2016-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

உடல் தகுதிச் சோதனையில் தோற்றால் வாய்ப்புப் போய்விடுமா?

சாம் பென்னட் 2014 டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் ஒரு புல்-அப் கூட எடுக்க முடியாமல் நின்றார். ஊரே சிரித்தது. அப்போது டிராஃப்டுக்கான வட அமெரிக்க வீரர்கள் பட்டியலில் அவர்தான் முதலிடம். கால்கரி 4-வது ஆளாக எடுத்தது. 2025-இல் அவர் ஆடிய ஃப்ளோரிடா அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளேஆஃப்பின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது அவருக்குத்தான் போனது. கம்பியில் தொங்குவதைப் பார்க்க நான் டிக்கெட் வாங்க மாட்டேன்.

ரிப்போர்ட் எப்படி எழுதுவீர்கள்? ஒரு மாதிரி காட்ட முடியுமா? (ஸ்கவுட்டாக ஆசைப்படும் ஒரு தம்பி)

யாரையும் குறிக்காத ஒரு கற்பனைப் பையன் என்று வைத்துக்கொள் தம்பி:

'இடது கை ஷாட், வலது விங், 17 வயது. கோல்லைனுக்குப் பின்னாலிருந்து பாஸ் கொடுப்பதில் இந்தப் பிரிவில் முதல் வரிசை. டிஃபென்ஸ்மேனின் ஸ்டிக்குக்கு அடியில் தள்ளுகிறான், அவசரப்படுவதில்லை. ஷாட்டில் பலம் குறைவு, கை சீக்கிரம். ஃபோர்செக்கில் (எதிரணிப் பகுதியில் பக்கைப் பறிக்க விரட்டுவது) சரியான கோணத்தில் போகிறான், மோதியதும் நிலை தடுமாறுகிறான். 6, 7 கிலோ ஏறினால் தீரும். ஷிஃப்ட் (ஐஸில் ஒரு தடவை ஆடும் நேரம்) 40 நொடியைத் தாண்டினால் பேக்செக்கில் (தன் பக்கம் திரும்பி ஓடித் தடுப்பது) காலால் தள்ளுவதை நிறுத்தி மிதந்து வருகிறான். தன் பக்க நீலக்கோட்டில் பக்கை வெளியே தட்டவேண்டிய இடத்தில் ஆளைத் தாண்டப் பார்த்து, பார்த்த இரண்டு ஆட்டத்திலும் இழந்தான்.'

இதில் 'சோம்பேறி', 'திறமைசாலி' என்று ஒரு சொல் இல்லை பார். 'மிதந்து வருகிறான்' என்றால் கோச் வீடியோவில் சரிபார்க்கலாம். 'சோம்பேறி' என்றால் அது உன் கோபம். அவன் 50 நொடி ஐஸில் இருந்ததற்குக் காரணம் கோச்சாகவும் இருக்கலாம்.

ஒரு ஆட்டம் பார்த்தால் போதாதா?

போதாது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தொடர்ந்து ஆட்டம் வரும் வாரங்கள் ஜூனியரில் உண்டு. எனக்கு ஞாயிறு ஆட்டம்தான் வேண்டும், அதுவும் வெளியூரில். தோற்கிற இரவு ஒன்றையாவது பார்க்காமல் நான் பெயரை மேலே அனுப்ப மாட்டேன்.

பெற்றோரையும் கவனிப்பீர்களாமே?

கவனிப்போம். ரெஃபரியைப் பார்த்துக் கத்தும் அப்பாவின் குரல் எங்கள் இருக்கை வரை கேட்கும்.

கல்லூரி ஹாக்கியா, ஓ.எச்.எல்.-ஆ என்று 16 வயதிலேயே முடிவு செய்ய வேண்டுமா ஐயா?

முன்பு அப்படித்தான். ஓ.எச்.எல். போன்ற பெரிய ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களை அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி சேர்த்துக்கொள்ளாது. 2024 நவம்பரில் அந்த விதியை மாற்றினார்கள், 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மெடிசின் ஹாட் என்ற பெரிய ஜூனியர் அணியில் ஆடிய கேவின் மெக்கென்னா அந்த வழியாகத்தான் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் போனார். தாமதமாக வளரும் பையன்களுக்கு இது நல்ல செய்தி: ஜூனியர் முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போய் இன்னும் சில வருடம் வளரலாம். ஆனால் கல்லூரி இடங்களுக்குப் போட்டி கூடிவிட்டது, மதிப்பெண்ணும் கேட்பார்கள். பையன் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே பள்ளி ஆலோசகரிடம் எந்தெந்தப் பாடம் வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.