சண்டை, சமாதானம், சாட்பாட்: பள்ளி ஆலோசகரிடம் சில கேள்விகள்

கே: ஒன்பதாவது படிக்கும் மகள் ராத்திரியில் சாட்பாட்டோடுதான் பேசுகிறாள். எங்களிடம் எதுவும் சொல்வதில்லை. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா? (ஓர் அம்மா, திருப்பூர்)

ப: பிடுங்கினால் தோழியின் போனில் பேசுவாள். உங்கள் மகள் மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவில் காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு 2025-இல் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில், 72 சதவீதம் பேர் ஏஐ துணையோடு, அதாவது நண்பன்போலப் பேசும் சாட்பாட்டோடு, ஒருமுறையாவது பேசிப் பார்த்தவர்கள். அது குறுக்கே பேசாது, "அப்பவே சொன்னேன்ல" என்று குத்திக்காட்டாது. அதனால் பிடிக்கிறது.

சிக்கலும் அங்கேதான். எதற்கும் தலையாட்டும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மீறி ஜால்ரா போடுகிறது என்று ஓப்பன்ஏஐ நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. தோழியோடு சண்டை போட்டுவிட்டு வந்த பெண்ணிடம் "உன் மேல் தப்பே இல்லை" என்று ராத்திரி முழுக்க ஒன்று சொல்லிக்கொண்டிருந்தால், மறுநாள் அந்தத் தோழியின் முகத்தில் எப்படி விழிப்பாள்?

பத்து மணிக்கு மேல் எல்லார் போனும், உங்களுடையதும் சேர்த்து, ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். பகலில் சும்மா, "அது என்னதான் சொல்லுது?" என்று கேளுங்கள். சொன்னால் திட்டாதீர்கள். இப்போதைக்கு அது போதும்.

கே: "இன்று எதற்குக் கோபப்பட்டாய்?" என்று எழுதிவரச் சொன்னால், அதையும் ஏஐ-யிடம் எழுதி வாங்கி வருகிறார்கள். என்ன செய்வது? (ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் அப்படித்தான் வரும், சார். மதிப்பெண்ணும் போட்டால் கேட்கவே வேண்டாம்.

ஏழாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவனின் காம்பஸை உடைத்துவிட்டான். மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார் வகுப்பாசிரியர். மறுநாள் வந்த கடிதம்: "என் செயல் உன் உணர்வுகளைப் புண்படுத்தியமைக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்." வாங்கிப் படித்தவன், "மிஸ், இது அவன் இல்ல மிஸ்" என்றான்.

கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். காம்பஸ் யாருடையது? அக்காவுடையதாம். வீட்டில் என்ன ஆனது? அடி விழுந்திருக்கிறது. உடைத்தவனுக்கு அதுவரை அது தெரியாது. கொஞ்ச நேரம் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தவன், "நான் வேணா வந்து உங்க அக்காகிட்ட சொல்றேன்டா" என்றான். பயிற்சி வகுப்புகளில் எஸ்.இ.எல். என்று பக்கம் பக்கமாகக் கொடுக்கிறார்களே, சமூக உணர்வுக் கற்றல், அது அந்த இருபது நிமிடத்தில் நடந்தது. எழுத வைக்காதீர்கள், பேச வையுங்கள். வகுப்பிலேயே, உங்கள் கண் முன்னால்.

கே: பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போர்ஷன் முடிக்கவே நேரமில்லை. இந்த உணர்வுக் கற்றல் எல்லாம் மார்க்குக்கு உதவுமா? (மதுரை)

ப: உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2011-இல் டர்லாக் என்ற ஆய்வாளரின் குழுவினர், பள்ளிகளில் நடந்த 213 எஸ்.இ.எல். திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 2,70,000 மாணவர்கள். நூறு பேரில் நடுவரிசையில் நிற்கும் பிள்ளை சுமார் பதினொரு இடம் முன்னே போகிற அளவுக்குப் படிப்பில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பெயர்ப்பலகை மாட்டினால் பலன் வந்துவிடாது. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மனநிறைகவனப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னெஸ்: அந்தந்த நொடியில் மனதை நிறுத்திப் பழகுவது) சோதித்து 2022-இல் முடிவு சொன்னார்கள்: வழக்கமான பாடத்தைவிடக் கூடுதல் பலன் இல்லை. பிள்ளைகளில் பலர் வீட்டில் அதைச் செய்யவே இல்லை. கண்ணை மூடி உட்காரச் சொன்னால் நம் பிள்ளைகளும் பக்கத்துப் பையனைக் கிள்ளத்தான் செய்வார்கள்.

உங்களுக்குத் தனி பீரியட் வேண்டாம். கணக்குத் தப்பாகப் போட்டவன் போர்டு முன் நிற்கும்போது வகுப்பு சிரிக்கிறதா இல்லையா, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: மாணவர்களின் முகத்தைக் கேமராவில் பார்த்து, யார் சோகம், யார் கவனிக்கவில்லை என்று சொல்லும் மென்பொருளை ஒரு நிறுவனம் காட்டியது. வாங்கலாமா? (தனியார் பள்ளித் தாளாளர்)

ப: வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கல்விக்கூடங்களில் இப்படி உணர்வை ஊகிக்கும் ஏஐ-க்கு 2025 பிப்ரவரி 2 முதல் தடை. மருத்துவம், பாதுகாப்புக்கு மட்டும் விலக்கு. சட்டத்தை விடுங்கள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேமரா "கவனமாக இருக்கிறாள்" என்றே பதிவு செய்யும். அந்தப் பணத்தில் ஓர் ஆலோசகரை நியமியுங்கள். (என் பிழைப்புக்காகச் சொல்லவில்லை!)

கே: உணர்வுகளைக் கற்றுத்தர நல்ல ஆப் ஏதாவது? (ஈரோடு)

ப: கபடி.

கே: பிளஸ் ஒன் படிக்கிறேன். என் ஃப்ரெண்ட் சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஏஐ-யிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஸ்கிரீன்ஷாட் காட்டினான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். (பெயர் வேண்டாம்)

ப: அந்தச் சத்தியத்தை மீறு, தம்பி. உன்னிடம் காட்டியதே யாராவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இருக்கும். அவனைத் தனியாக விடாதே. அவன் வீட்டிலோ, நீ நம்பும் ஓர் ஆசிரியரிடமோ இன்றைக்கே சொல். 14416 என்பது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம். நாளை அவன் உன்னோடு பேசாமல் போகலாம். பரவாயில்லை, முதலில் போனை எடு.