‘கெட்’டுக்கு அடுத்து என்ன நிற்கிறது?

அன்புள்ள ஐயா,

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘கெட்’ என்றால் ‘பெறு’ என்று பலகையில் எழுதினேன். ‘கெட் அப்’, ‘கெட் ஆங்ரி’ என்கிறோமே, அதிலெல்லாம் எதைப் பெறுகிறோம் என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். அகராதியைத் திறந்தால் பொருள்கள் நீண்டுகொண்டே போகின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்யச் சொல்வதா?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். ‘கெட்’டுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பார்க்கப் பழக்குங்கள். நம் ‘போடு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: கோலம் போடு, டீ போடு, சண்டை போடு, ஓட்டுப் போடு. கூட வரும் சொல்தான் அர்த்தத்தைத் தருகிறது. மாணவி கேட்டது நல்ல கேள்வி. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவளைப் பாராட்டுங்கள்.

பெயர்ச்சொல் வந்தால் பெறுதல், வாங்குதல், கிடைத்தல். ‘ஐ காட் அ புக்’ (‘காட்’ என்பது ‘கெட்’டின் இறந்தகாலம்) என்பதை வைத்து மட்டும் புத்தகம் காசு கொடுத்து வாங்கியதா, பரிசாக வந்ததா என்று சொல்ல முடியாது. தமிழிலோ ‘நான் வாங்கினேன்’, ‘எனக்குக் கிடைத்தது’ என்று வாக்கியமே மாறிவிடும். பெயரடை வந்தால் நிலை மாறுகிறது: ‘கெட் ஆங்ரி’ கோபப்படு, ‘கெட் வெட்’ நனை. இடம் வந்தால் போய்ச் சேர்வது: ‘கெட் ஹோம்’. ‘கெட் அப்’ போன்றவற்றை மட்டும் முழுச்சொல்லாகவே சொல்லிக்கொடுங்கள்.

அதிக நேரம் ஒதுக்க வேண்டிய இடம் வேறு. ‘நேற்று முடி வெட்டினேன்’ என்றால் சலூனுக்குப் போய்வந்ததாகத்தான் நாம் எடுத்துக்கொள்வோம். அதை அப்படியே ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், தானே கத்தரி பிடித்து வெட்டிக்கொண்டதாகிவிடும். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதே சரி: முதலில் கெட், பிறகு எதை வெட்டினோமோ அது (‘மை ஹேர்’), கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். பிள்ளைகள் வினையை முன்னே இழுத்து ‘காட் கட் மை ஹேர்’ என்று எழுதுவார்கள். தமிழில் ‘வெட்டினேன்’ ஒரே சொல்லாக இருப்பதால் வரும் பிழை அது.

ஓர் ஆளைச் செய்யவைத்தால் நடுவில் ‘டு’ வேண்டும்: ‘ஐ காட் ஹிம் டு சைன்’. பேசி இணங்கவைத்துக் கையெழுத்து வாங்கினேன் என்று பொருள். ‘ஐ மேட் ஹிம் சைன்’ என்பதில் ‘டு’ இல்லை, கட்டாயம் இருக்கிறது.

அடுத்தது பஸ். நாம் எதிலும் ஏறுகிறோம், எதிலிருந்தும் இறங்குகிறோம். அதனால்தான் ‘கெட் டவுன் ஃப்ரம் த பஸ்’ வருகிறது. இந்தியாவில் இது எல்லோருக்கும் புரியும், பிரிட்டனில் ‘கெட் ஆஃப் த பஸ்’ என்பார்கள். உள்ளே நின்று நடக்க முடிகிற பஸ், ரயில், விமானத்துக்கும், கால் போட்டு ஏறும் சைக்கிளுக்கும் ‘ஆன்’, ‘ஆஃப்’. குனிந்து நுழைந்து உட்காரும் கார், ஆட்டோவுக்கு ‘இன்’, ‘அவுட் ஆஃப்’.

நாளை பத்து வாக்கியங்கள் கொடுத்து, ‘கெட்’டை விட்டுவிட்டு அதற்கு அடுத்த சொல்லை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பை அதற்குப் பிறகு கேளுங்கள்.