ஆர்கனோமெட்டாலிக் வேதியியலில் ஆய்வு வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி: எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கப் போகிறேன். ஆர்கனோமெட்டாலிக் சிந்தசிஸ், கேட்டலிசிஸ் பக்கம் பிஎச்.டி. போகலாமா? புதிது புதிதாகக் காம்ப்ளெக்ஸ் செய்துகொண்டே இருப்பதுதான் வேலையா?

தாராளமாகப் போகலாம். ஆர்கனோமெட்டாலிக் என்றால் உலோகமும் கார்பனும் நேரடியாகப் பிணைந்த சேர்மங்கள்; கேட்டலிஸ்ட் என்றால் வினையை வேகப்படுத்தும் பொருள். ஆனால் காம்ப்ளெக்ஸ், அதாவது உலோகத்தைச் சுற்றி மற்ற மூலக்கூறுகள் ஒட்டிய சேர்மம், செய்வது பாதி வேலைதான். ஓர் உலோகம் எதை ஓடிப்போய்ப் பிடிக்கும், எதைத் தொடாமல் விடும் என்று கண்டுபிடிப்பதில்தான் வருஷங்கள் போகும். நான் இந்தத் துறையில் பிஎச்.டி. செய்தவன். யார் இப்படிக் கேட்டாலும் வேதியியலாளர் ராபர்ட் கிரப்ஸின் கதையைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

1942-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தவர். ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் விவசாய வேதியியல் படிக்கப் போய், கரிம வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டார். 1968-இல் கொலம்பியாவில் பிஎச்.டி., ஸ்டான்ஃபோர்டில் ஓராண்டு, மிச்சிகன் ஸ்டேட்டில் வேலை, 1978-இல் கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்).

அவரைப் பிடித்துக்கொண்ட வினை மெட்டாதிசிஸ். இரண்டு கார்பன் இரட்டைப் பிணைப்புகள் உடைந்து, தங்களுக்குள் பாதியை மாற்றிக்கொண்டு சேரும். தொழிற்சாலைகளுக்கு இது முன்பே தெரியும். குடுவைக்குள் என்ன நடக்கிறது என்றுதான் தெரியாது. உலோகக் கார்பீன் (உலோகமும் கார்பனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் சேர்மம்) ஒன்று ஒலிஃபினோடு (கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) சேர்ந்து நான்கு அணு வளையமாகி உடைகிறது என்று பிரான்சில் ஷோவின் என்ற வேதியியலாளர் 1971-இல் சொன்னார். அது சரிதானா என்று கிரப்ஸ் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) போட்டுச் சோதித்தார். கால்டெக் போன பிறகு டைட்டானியத்தில் அந்த வளையத்தையே அவர் குழு பிரித்தெடுத்தது.

சரி, டைட்டானியத்தோடு ஏன் நிற்கவில்லை? அதற்கு ஆக்சிஜன் மேல் அவ்வளவு ஆசை. முதலில் அமிலத்தைப் பிடிக்கும். அப்புறம் ஆல்கஹால், ஆல்டிஹைடு, கீட்டோன், எஸ்டர். ஒலிஃபினுக்குக் கடைசி இடம். டங்ஸ்டனில் ஒலிஃபின் எஸ்டரைத் தாண்டி ஒரு படி ஏறுகிறது. அமெரிக்க வேதியியலாளர் ஷ்ராக் வளர்த்தெடுத்த மாலிப்டினத்தில் கீட்டோனையும் தாண்டுகிறது. ருத்தேனியத்திலோ ஒலிஃபின்தான் முதலிடம். தனிம அட்டவணையில் வலப்பக்கம் போகப்போக ஆக்சிஜன் மோகம் தணிகிறது. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், கேட்டலிஸ்ட் வடிவமைப்பில் பாதி அதற்குள் இருக்கிறது.

1988-இல் அவர் குழு ருத்தேனியம் உப்பை வைத்து, தண்ணீரிலேயே பாலிமர் செய்து காட்டியது. ஈரம் பட்டால் போச்சு என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த துறையில் இது பெரிய விஷயம். 1992-இல் முதல் ருத்தேனியம் கார்பீன் வந்தது. ஆனால் உலோகத்தோடு ட்ரைஃபீனைல்ஃபாஸ்ஃபீன் ஒட்டியிருந்த அந்தக் கார்பீனில், இறுக்கமான வளையங்களில் இருக்கும் ஒலிஃபின்கள் மட்டுமே வினைபுரிந்தன. அதை எடுத்துவிட்டு ட்ரைசைக்ளோஹெக்சைல்ஃபாஸ்ஃபீன் வைத்ததும் சாதாரண ஒலிஃபின்களும் வழிக்கு வந்தன. காம்ப்ளெக்ஸ் செய்வதற்கு அர்த்தம் வருவது இந்த மாதிரி இடங்களில்தான். இன்று விற்கும் முதல் தலைமுறை கேட்டலிஸ்ட் 1995-இல் வந்தது. ஒரு ஃபாஸ்ஃபீனை நைட்ரஜன் வளையக் கார்பீனாக மாற்றிய இரண்டாம் தலைமுறை 1999-இல். கேள்வி தொடங்கி ஏறக்குறைய 25 ஆண்டு! 2005-இல் ஷோவின், ஷ்ராக்கோடு நோபல்.

அந்த முதல் தலைமுறைப் பொருள் ஊதா நிறப் பொடி. க்ளவ் பாக்ஸுக்குள் (காற்றும் ஈரமும் புகாத, கையுறை பொருத்திய பெட்டி) கை விடாமல், வெளியே தராசில் வைத்தே எடை போடலாம். டைஎத்தில் டைஅல்லைல்மலோனேட் கரைசலில் சிட்டிகை போட்டால் எத்திலீன் குமிழ் குமிழாகக் கிளம்பும். புரோட்டான் என்எம்ஆரில் (ஹைட்ரஜன் அணுக்களைத் தனித்தனி பீக்காகக் காட்டும் கருவிச் சோதனை) அதன் கார்பீன் ஹைட்ரஜன் 20 பிபிஎம் பக்கத்தில் ஒற்றையாக நிற்கும். வழக்கமான கரிமப் பொருள்களின் பீக் எதுவும் அந்தப் பக்கமே போகாது. முதன்முதலில் அந்த பீக்கைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே இருக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். ஷ்லெங்க் லைனும் (காற்றுப் படாமல் வினை செய்ய உதவும் குழாய் அமைப்பு) உலர் கரைப்பானும் ஆளுக்குக் கிடைக்கிறதா, கைனெட்டிக்ஸ் (வினை வேகத்தை அளப்பது) யாராவது செய்கிறார்களா என்று கேளுங்கள். விளைச்சல் சதவீதம் மட்டும் அட்டவணை போடும் இடத்தில் சேராதீர்கள். ருத்தேனியம், பல்லேடியம் எல்லாம் விலை கூடியவை. இரும்பு, கோபால்ட், நிக்கல் பக்கம் நிறைய வேலை பாக்கி இருக்கிறது. இப்போது சேர்வதானால் நான் அங்கேதான் போவேன்.