கடைமடைக்குத் தாமதமாக வரும் முடிவுகள்

கேள்வி: திருத்துறைப்பூண்டியில் வீட்டிலிருந்தபடி மென்பொருள் சோதனைப் பணி செய்கிறேன். குழுவில் நால்வர் சென்னை அலுவலகத்திலும் இருவர் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள். சென்னையில் எடுக்கும் முடிவுகள் எனக்கு இரண்டு நாள் கழித்தே தெரிகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போனால், எனக்கு வேலையில் அக்கறையில்லை என்ற பேச்சும் எழுகிறது. தினமும் கூடுதலாக ஒரு காணொளிக் கூட்டம் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். பொறியாளர்களின் இருக்கைகளுக்கு இடையே தொலைவு கூடக் கூட அவர்களுடைய உரையாடல் வேகமாகக் குறைவதையும், ஏறத்தாழ 50 மீட்டரைத் தாண்டினால் மிக அரிதாகிவிடுவதையும் தாமஸ் ஆலன் என்ற ஆய்வாளர் 1970-களிலேயே காட்டினார். ஒரே கட்டடத்துக்குள்ளேயே நிலைமை அதுவென்றால், சென்னையில் தேநீர் வேளையில் முடிவானது உங்களை எட்டாததற்கு எவருடைய கெட்ட எண்ணமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கடைமடைக்காரரான உங்களுக்குத் தெரியாததா? வாய்க்கால் தூர்ந்து கிடக்கையில் மேட்டூரில் கூடுதலாகத் திறந்து பயனில்லை.

எனவே குழுத் தலைவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வாய்மொழியாக எடுத்த எந்த முடிவும், உரிய டிக்கெட்டில் (அந்த வேலைக்கான இணையப் பதிவில்) எழுதப்பட்ட பிறகே நடைமுறைக்கு வர வேண்டும். என்ன முடிவு, ஏன், யாருடைய வேலை மாறும் என்று மூன்று வரிகள் போதும். இதில் 'ஏன்' விடுபட்டால், அவர்கள் வேண்டுமென்றே செய்த மாற்றத்தை நீங்கள் பிழை என்று பதிவு செய்வீர்கள். அதன்பின் வரும் வாக்குவாதத்தில் ஒரு நாள் கரையும். தொடக்கத்தில் அவர்கள் மறக்கத்தான் செய்வார்கள். அப்போது நீங்களே எழுதி, சரிதானா என்று கேட்டுவிடுங்கள்.

ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். கார்த்திகையில் அவர்களுடைய காலை 9 மணி உங்களுக்குப் பிற்பகல் 1.30. ஆகவே காலையிலேயே திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), பதிவுக் கோப்பு (லாக்) உள்பட முழுக் கேள்வியையும் அனுப்பிவிடுங்கள். வெறும் 'ஹாய்' அனுப்பிவிட்டுக் காத்திருப்பது பாதி நாளை வீணாக்கும் பழக்கம்.

மழைக்காலத்தைப் பற்றிச் செப்டம்பரிலேயே பேசுங்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் பல ஊர்கள் எத்தனை நாள் இருளில் கிடந்தன என்பது சென்னையில் உள்ளவர்களுக்கு நினைவிருக்காது. இன்வெர்ட்டர் உங்கள் ரவுட்டரைத்தான் காக்கும், தெருவில் உள்ள இணைய நிறுவனத்தின் கருவியைக் காக்காது. ஆகையால் வேறொரு நிறுவனத்தின் சிம் அவசியம். இரண்டும் போனால் யார் உங்கள் வேலையை ஏற்பது என்பதை முன்கூட்டியே பெயருடன் முடிவு செய்துகொள்ளுங்கள். முடிந்தது, பாதியில் நிற்பது, அடுத்த படி ஆகியவற்றை அன்றாடம் மாலையில் எழுதி வைத்தால், அவர் உங்களை அழைக்காமலேயே தொடரலாம். இணையம் நின்றவுடன் நீங்கள் அனுப்ப வேண்டியது ஒரு சாதாரண எஸ்எம்எஸ் மட்டுமே.